பென்சில்வேனியா துப்பாக்கி உரிமம் பாலத்துக்கு அந்தப் பக்கம் செல்லுமா? (நான்-ரெசிடென்ட் பர்மிட், அதாவது வெளி மாநிலத்தவருக்கான உரிமம் வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்)

எக்ஸ்டன்வாசி
செப்டம்பர் 6, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நான் பிலடெல்ஃபியாவுக்கு மேற்கே குடியிருக்கிறேன். க்ரீன் கார்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் எங்கள் கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகத்தில் 20 டாலர் கட்டி, கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் வாங்கினேன். ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

சிக்கல் என்னவென்றால், வாரத்தில் மூன்று நாள் ஆற்றுப் பாலம் தாண்டி, பக்கத்து மாநிலமான நியூஜெர்சியின் எடிசனில் என் மைத்துனர் கடைக்குப் போகிறேன். இரவு கடை சாத்தி, கல்லாவை எண்ணி, பணப்பையோடு காருக்கு நடப்பது நான்தான். ஜூலையில் பக்கத்துக் கடையில் ஒருவரை மிரட்டிப் பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து மனைவிக்குத் தூக்கம் இல்லை.

இங்கே துப்பாக்கிக் கடை ஒன்றில் விசாரித்தேன். "யூட்டா நான்-ரெசிடென்ட் பர்மிட் எடுங்கள், சனிக்கிழமை நாலு மணி நேர வகுப்பு, முப்பதுக்கும் மேல் மாநிலங்களில் செல்லும்" என்றார்கள். சுவரில் பச்சை வண்ணம் அடித்த வரைபடம் வேறு. நியூஜெர்சி என்ன நிறம் என்று கேட்டால், "அதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்" என்று நழுவினார். யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


ஆற்றங்கரை
செப்டம்பர் 6, இரவு 10:15

நண்பரே, முதலில் ஒன்று. இந்த இழை முடிகிற வரையாவது துப்பாக்கியோடு பாலம் தாண்டாதீர்கள். இதுவரை தாண்டியிருந்தால் அதை இங்கே எழுதாதீர்கள்.

நியூஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை. பென்சில்வேனியா, யூட்டா, ஃப்ளோரிடா எதையும். நியூயார்க்கும் மேரிலாந்தும் அப்படியே. யூட்டா அட்டையை நியூஜெர்சி போலீஸிடம் நீட்டுவதும் நம்மூர் ரேஷன் கார்டை நீட்டுவதும் ஒன்றுதான்.

2013-ல் நடந்த ஒரு வழக்கு இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளின் தாய், உங்களைப் போலவே பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்தவர். நியூஜெர்சியின் அட்லான்டிக் கவுன்ட்டியில் சாதாரணப் போக்குவரத்துச் சோதனைக்கு வண்டியை நிறுத்தினார்கள். அவரே முந்திக்கொண்டு, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது" என்றார். அங்கேயே கைது. அந்த மாநிலத்தின் க்ரேவ்ஸ் சட்டப்படி குறைந்தது மூன்றரை வருடம் பரோல் இல்லாத சிறை அவர் தலைமேல் தொங்கியது. ஊரெல்லாம் பேசிய பிறகுதான் சிறைக்குப் பதில் மாற்றுத் திட்டத்தில் சேர்த்தார்கள். 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி முழு மன்னிப்பு வழங்கினார்.

அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது செய்தியானதால். நாம் செய்தியாவோம் என்று நம்பிக் கிளம்ப முடியாது.


கொங்குத்தம்பி
செப்டம்பர் 6, இரவு 11:02

அண்ணா, கொஞ்சம் பயமுறுத்துகிறீர்களோ? கூட்டாட்சிச் சட்டம் 926ஏ இருக்கிறதே. டிக்கியில் பூட்டி வைத்தால் எந்த மாநிலத்தையும் கடக்கலாம். என் ரூம்மேட் வர்ஜீனியாவிலிருந்து மெய்ன் வரை அப்படித்தான் போய்வந்தான்.


ஆற்றங்கரை
செப்டம்பர் 6, இரவு 11:31

தம்பி, உன் ரூம்மேட் கடந்து போனான். இவர் போய் இறங்குகிறார். வித்தியாசம் அங்கேதான்.

1986-ல் வந்த அந்தச் சட்டத்தைப் பொறுமையாகப் படித்துப் பார். கிளம்பும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டிலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உனக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். நடுவில் வரும் மாநிலத்துக்கு மட்டும்தான் அது குடை. தோட்டா ஏற்றியிருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டியென்றால் பூட்டிய பெட்டி, அதுவும் டேஷ்போர்டு அறையிலோ நடுக் கன்சோலிலோ வைக்கக் கூடாது. இவர் போய்ச் சேரும் இடமே எடிசன் எனும்போது குடையே விரியாது.

கடந்து போகிறவனுக்கும் அது எப்போதும் கைகொடுப்பதில்லை. 2005-ல் யூட்டாக்காரர் ஒருவர் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்கு விமானத்தில் வருகிறார். துப்பாக்கியை விதிப்படி பூட்டிய பெட்டியில் போட்டு, கவுன்ட்டரில் சொல்லி, லக்கேஜில் அனுப்பியிருக்கிறார். வழியில் நியூஜெர்சியின் நியூவார்க்கில் இணைப்பு விமானம் தவறிவிட்டது. பெட்டி கைக்கு வந்துவிட்டது. இரவு ஹோட்டலில் தங்கினார். காலையில் திரும்பவும் கவுன்ட்டரில் போய் யோக்கியமாகச் சொன்னார். கைது, சில நாள் சிறை. வழக்கைப் பிறகு கைவிட்டார்கள். ஆனால் அவர் பதிலுக்குப் போட்ட வழக்கில் 2010-ல் மூன்றாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொன்னது. ஹோட்டலில் இருந்தபோது துப்பாக்கி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததாம். விமானம் தவறியது அவர் குற்றமா என்றால், இல்லை. அதற்காகச் சட்டத்தின் வாசகம் நீளவும் இல்லை.


கொங்குத்தம்பி
செப்டம்பர் 6, இரவு 11:44

சரி அண்ணா, வாபஸ். ரூம்மேட்டிடம் இதைப் படிக்கச் சொல்கிறேன்.


செம்பருத்தி
செப்டம்பர் 7, காலை 7:20

நான் குடிவரவு வழக்குகள் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், வழக்கறிஞர் அல்ல. மேலே எல்லோரும் சிறையைப் பற்றியே பேசுகிறீர்கள். க்ரீன் கார்டு வைத்திருப்பவருக்குச் சிறை பாதிக் கதைதான்.

குடியுரிமை பெறாத ஒருவர் துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தண்டிக்கப்பட்டால், அந்த ஒரு தண்டனையே நாடுகடத்தப் போதுமான காரணம். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள், வீடு வாங்கினீர்களா, பிள்ளைகள் இங்கே பிறந்தார்களா என்பதெல்லாம் அப்புறம்தான் பேச்சு. "ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு முடித்துவிடலாம்" என்று குற்றவியல் வழக்கறிஞர் நல்லெண்ணத்தில் சொல்வார். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்களிடம் வருவார்கள். அந்த முகங்களைப் பார்ப்பது கஷ்டம்.

இழையை எட்டிப் பார்க்கும் எச்-1பி நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. குடிவரவு அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியை வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. "டெக்சஸில் பர்மிட்டே வேண்டாமாம்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது உங்களுக்கு அல்ல. நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் பிடித்துப் படம் எடுத்துப் போடுகிறீர்களே, அதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.


எக்ஸ்டன்வாசி
செப்டம்பர் 7, காலை 8:05

செம்பருத்தி அக்கா, மிக்க நன்றி. இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. மனைவியிடம் படித்துக் காட்டினேன். இப்போது அவளுக்குத் திருடனை விட என்மேல்தான் அதிக பயம்.

அப்படியென்றால் யூட்டா, ஃப்ளோரிடா பர்மிட் எல்லாம் எதற்குத்தான்? வெறும் வியாபாரமா?


மேப்பிள்_மரம்
செப்டம்பர் 7, காலை 9:48

வியாபாரமும் உண்டு, பயனும் உண்டு. நான் வெர்மான்ட்டில் இருக்கிறேன். எங்கள் மாநிலத்தில் பர்மிட் என்ற ஒன்றே கிடையாது. தடை செய்யப்பட்டவராக இல்லையென்றால் அப்படியே எடுத்துச் செல்லலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பர்மிட் கேட்கும் மாநிலத்தின் எல்லைக்குப் போனால் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. சொந்த மாநிலம் தராததால் நான் ஃப்ளோரிடாவில் வாங்கினேன். கட்டணமும் கைரேகையும் சேர்த்து 97 டாலர், ஏழு வருடம்.

வேடிக்கை, அதை வழங்குவது அங்கே வேளாண்மை, நுகர்வோர் சேவைத் துறை. ஆரஞ்சுத் தோட்டத்தையும் துப்பாக்கியையும் ஒரே துறை பார்க்கிறது.


ஆற்றங்கரை
செப்டம்பர் 7, மதியம் 12:30

மேப்பிள் சொன்னது சரியான உபயோகம். மற்றபடி அந்தப் பச்சை வரைபடத்தில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

ஒன்று, இப்போது 29 மாநிலங்களில் உள்ளூர்க்காரருக்கோ வெளியூர்க்காரருக்கோ பர்மிட்டே தேவையில்லை, அல்லது பெரும்பாலும் தேவையில்லை. முப்பது மாநிலத்தில் செல்லும் என்று விற்கும் அட்டையின் பெரும்பகுதி, அட்டை இல்லாமலே போகக்கூடிய இடம்.

இரண்டு, "செல்லும்" என்பதில் நட்சத்திரக் குறி உண்டு. கொலராடோ, மிச்சிகன், ஃப்ளோரிடா போன்றவை, உரிமம் தந்த மாநிலத்திலேயே நீங்கள் வசித்தால்தான் அந்த உரிமத்தை ஏற்கும். பென்சில்வேனியாக்காரர் கையில் இருக்கும் யூட்டா அட்டை கொலராடோவில் வெறும் பிளாஸ்டிக். உங்கள் மாநிலமே இதில் அடிபட்டதுதான். பிலடெல்ஃபியா போலீஸ் உரிமம் தர மறுத்தவர்கள் தபாலில் ஃப்ளோரிடா உரிமம் வாங்கி அதே பிலடெல்ஃபியாவில் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார்கள். 2013-ல் அப்போதைய அட்டர்னி ஜெனரல் கேத்லீன் கேன் அந்தக் கதவை மூடினார்.

மூன்று, யூட்டா முன்பு போல யாருக்கும் தருவதில்லை. உங்கள் சொந்த மாநிலம் யூட்டா பர்மிட்டை ஏற்கிறது என்றால், முதலில் சொந்த மாநிலத்தின் உரிமத்தைக் காட்டச் சொல்வார்கள். உங்களிடம் அது இருப்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் கடைக்காரர் அதைச் சொன்னாரா?

அரிசோனா பக்கம் யாராவது கைகாட்டினால்: அங்கே வெளி மாநிலத்தவருக்குத் தர அமெரிக்கக் குடியுரிமை கேட்கிறார்கள். க்ரீன் கார்டு போதாது. ஃப்ளோரிடாவில் போதும்.

இவ்வளவு திட்டிவிட்டு, நான்-ரெசிடென்ட் உரிமத்துக்கு ஆதரவாக ஒன்று. பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் தெரியும்தானே. உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் வாசகத்தைக் கவனியுங்கள்: அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த உரிமமாக இருக்க வேண்டும். பக்கத்து மாநிலம் உங்கள் அட்டையை மதிக்கிறது என்பதோ, அங்கே பர்மிட்டே வேண்டாம் என்பதோ இதற்கு உதவாது. ஊருக்குள் ஆயிரம் அடிக்கு ஒரு பள்ளி. அடிக்கடி போகும் மாநிலம் ஒன்று இருந்தால், அந்த மாநிலத்தின் நான்-ரெசிடென்ட் உரிமத்தையே எடுப்பது இதனால்தான் அர்த்தமுள்ளது. வர்ஜீனியா அடிக்கடி போகிறவர் வர்ஜீனியா மாநிலப் போலீஸிடம் 100 டாலர் கட்டி எடுக்கட்டும். யூட்டாவைச் சுற்றி வர வேண்டாம்.


திருச்சி_மாமா
செப்டம்பர் 7, மதியம் 2:10

நான் ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. எங்கள் பெரியப்பாவிடம் தோட்டத்துக்கு ஒரு துப்பாக்கி இருந்தது. தேர்தல் அறிவித்தால் மறுநாளே போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். எண்ணிக்கை முடிந்து போய் எடுத்து வருவார். வாழ்நாளில் அது வீட்டில் இருந்ததை விட ஸ்டேஷனில் இருந்ததுதான் அதிகம் என்று கிண்டல் செய்வோம்.

இவ்வளவு சட்டம் படித்துத் துப்பாக்கி தூக்குவதை விட அந்தப் பணப்பையைத் தூக்காமல் இருக்கலாமே தம்பி?


கொங்குத்தம்பி
செப்டம்பர் 7, மதியம் 2:26

மாமா சொல்வதுதான் பாயிண்ட் :)


நெறியாளர்
செப்டம்பர் 7, மாலை 5:00

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, 40 பக்கம் ஓடுகிறது, அங்கே போங்கள். இங்கே உரிமம் மட்டும். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மாமாவின் பதிவு இருக்கட்டும்.


செர்ரிஹில்_பயணி
செப்டம்பர் 8, இரவு 8:55

தாமதமாக வருகிறேன். நானும் பென்சில்வேனியாவில் வசிப்பவன். நியூஜெர்சியின் சொந்த உரிமத்தையே வெளி மாநிலத்தவனாக வாங்கியிருக்கிறேன். அதனால் எக்ஸ்டன்வாசியின் உண்மையான கேள்விக்குப் பதில்: முடியும், ஆனால் பொறுமை வேண்டும்.

2022-க்கு முன் இது வெறும் காகிதத்தில் இருந்த வழி. உங்கள் உயிருக்குத் தனிப்பட்ட ஆபத்து இருக்கிறது என்று நிரூபிக்கச் சொல்வார்கள். சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. 2022 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில் நியூயார்க்கின் அதே மாதிரியான நிபந்தனையை 6-3 என்று தள்ளுபடி செய்தது. உடனே நியூஜெர்சியும் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. கைவிட்ட கையோடு டிசம்பரில் புதுச் சட்டம் போட்டுக் கட்டணத்தை 200 டாலர் ஆக்கி, தடை செய்த இடங்களின் பட்டியலையும் நீட்டியது.

உள்ளூர்க்காரர் தன் ஊர்ப் போலீஸிடம் விண்ணப்பிப்பார். நாம் மாநிலப் போலீஸிடம். உறவினர் அல்லாத நான்கு பேர் உங்களைப் பற்றிச் சான்று தர வேண்டும். இதில்தான் எனக்கு மூன்று வாரம் போனது. நான்கில் ஒருவர், நம்ம ஆள்தான், மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போய்விட்டது என்று இரண்டு வாரம் இருந்துவிட்டார். "துப்பாக்கி விஷயத்தில் என் பெயர் எதற்கு" என்று தயங்கியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. முன்கூட்டியே காபி வாங்கிக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

கைரேகைக்குத் தனிக் கட்டணம். அப்புறம் சுடும் தேர்வு, 50 தோட்டா. நிதானமாகச் சுட்டால் பயப்பட ஒன்றுமில்லை. முதல் நாள் பயிற்சியாளர் முன்னால் என் கை நடுங்கியது வேறு கதை. தேர்வுக்கு உங்கள் துப்பாக்கியைக் கொண்டு போகும்போது தோட்டா இல்லாமல், மூடிக் கட்டிய பெட்டியில், டிக்கியில், நேராகச் சுடுதளம். வழியில் சரவண பவனில் நிறுத்தித் தோசை சாப்பிடும் ஆசையை விட்டுவிடுங்கள்.

கிடைத்தது இரண்டு வருட உரிமம். பென்சில்வேனியாவில் 20 டாலரில் ஐந்து வருடம்.

உரிமம் வந்த பிறகும் உங்கள் துப்பாக்கி அப்படியே பாலம் தாண்ட முடியாது. மேகசினில் (துப்பாக்கியில் தோட்டா அடுக்கும் உறை) பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளளவு கூடாது. பென்சில்வேனியாவில் வாங்கிய 15, 17 தோட்டா மேகசினை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், கார் கதவுப் பையில் மறந்துவிடாதீர்கள். தற்காப்புக்கென்று இங்கே எல்லோரும் வாங்கும் ஹாலோ பாயிண்ட் (முனை குழிந்த) தோட்டாவை அங்கே எடுத்துச் செல்லக் கூடாது. நான் பாலிமர் முனை உள்ள வகைக்கு மாறினேன். அது அனுமதி என்று மாநிலப் போலீஸே சொல்கிறது.


எக்ஸ்டன்வாசி
செப்டம்பர் 8, இரவு 9:30

அருமை. உரிமம் இருந்தால் கடைக்குள்ளேயே வைத்திருக்கலாமா? கடையில் மதுவகை இல்லை, வெறும் மளிகை.


செர்ரிஹில்_பயணி
செப்டம்பர் 8, இரவு 10:12

மது பரிமாறும் இடம், பூங்கா, நூலகம், மருத்துவமனை எல்லாம் சட்டத்தின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. அதன்மேல் வழக்குகள் ஓடிக்கொண்டே இருப்பதால், போகும் வாரத்தில் ஒருமுறை மாநில அட்டர்னி ஜெனரல் பக்கத்தைப் பாருங்கள். அடுத்தவர் இடத்தில் அவர் அனுமதி வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது, பொதுமக்கள் வரும் கடைகள் விஷயத்தில் அதுவும் வழக்கில் அடிபட்டது; எப்படியும் மைத்துனர் கடை என்பதால் கேட்டு எழுதி வாங்கிவிடலாம்.

ஆனால் எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது. உங்கள் மைத்துனர் எடிசன்வாசி, கடை அவருடையது. தன் சொந்தக் கடைக்குள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள நியூஜெர்சியில் எடுத்துச் செல்லும் உரிமம் தேவையே இல்லை. வாங்குவதற்கான அனுமதிச் சீட்டு மட்டும் போதும். அந்த விலக்கு கடைக்கு உரியவருக்குத்தான். வாரம் மூன்று நாள் வந்து உதவும் அக்கா புருஷனுக்கு அது நீளும் என்று நம்பி இறங்காதீர்கள். கடை வாசலைத் தாண்டிக் கார் வரை நடக்கும் அந்த முப்பது அடிக்கும் அது வராது. உங்கள் பயமே அந்த முப்பது அடியில்தானே.


செம்பருத்தி
செப்டம்பர் 9, காலை 6:58

விண்ணப்பத்தில் ஒரு கேள்விக்கும் குத்துமதிப்பாகப் பதில் போடாதீர்கள். பழைய முகவரி, எப்போதோ ஒரு போலீஸ் அழைப்பு, தள்ளுபடியான சின்ன வழக்கு, எதையும் விடாதீர்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தத் தாளும் அந்தத் தாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படலாம். கஞ்சா சட்டப்படி கிடைக்கும் மாநிலம் என்று யாராவது மிட்டாய் சாப்பிட்டிருந்தால், கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் குற்றமே. அதைப் பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வைத்திருக்கவும் தடை.


கொங்குத்தம்பி
செப்டம்பர் 9, காலை 10:20

ஒரே கேள்வி. நாடு முழுக்க ஒரே உரிமம் என்று சட்டம் வரப்போகிறது என்கிறார்களே? டிரைவிங் லைசென்ஸ் மாதிரி. அதற்குக் காத்திருக்கலாமே?


ஆற்றங்கரை
செப்டம்பர் 9, மதியம் 1:15

2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231-198 என்று நிறைவேறியது. செனட்டில் படுத்துவிட்டது. 2025-ல் அதே வட கரோலினா உறுப்பினர் ரிச்சர்ட் ஹட்சன் எச்.ஆர்.38 என்று திரும்பக் கொண்டுவந்து, அந்த மார்ச்சில் குழு ஒப்புதல் வரை வந்தது. செனட்டில் அறுபது வாக்குக்கு எங்கே போவார்கள்? அது வரும்போது வரட்டும் தம்பி. இவருக்கு வருகிற செவ்வாய்க்கிழமை கடை சாத்த வேண்டும்.


எக்ஸ்டன்வாசி
அக்டோபர் 19, இரவு 10:50

மேலே உதவிய எல்லோருக்கும் நிலவரம் சொல்லிவிடுகிறேன். யூட்டா வகுப்புக்குக் கட்டிய முன்பணம் போனது போகட்டும் என்று விட்டுவிட்டேன். நியூஜெர்சி மாநிலப் போலீஸுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, கைரேகையும் கொடுத்தாயிற்று. நான்கு சான்றாளர்களில் மூன்று பேர் பதில் அனுப்பிவிட்டார்கள். நான்காமவர் கோயில் கமிட்டித் தலைவர், நவராத்திரி முடியட்டும் என்றார், முடிந்துவிட்டது, இப்போது தீபாவளி என்கிறார்.

அதுவரை மைத்துனரும் நானும் கடையைப் பத்து மணிக்குப் பதில் எட்டரைக்கே சாத்துகிறோம். பணத்தைக் கையில் எடுப்பதே இல்லை. கடைக்குள் தரையோடு பதித்த ஒரு பெட்டகம் வாங்கினோம், காலையில் வெளிச்சத்தில் மைத்துனர் வங்கிக்குக் கொண்டுபோகிறார். திருச்சி மாமா இன்னும் அமெரிக்காவில்தான் இருக்கிறார் என்றால் அவரிடம் சொல்லுங்கள்.


திருச்சி_மாமா
அக்டோபர் 20, காலை 6:05

இருக்கிறேன். படித்தேன். அந்த நாலாவது ஆளை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். தீபாவளிக்கு அப்புறம் கந்த சஷ்டி வரும்.